இடது கையில் கட்டிய காப்பு

சென்ற ஆண்டு தைப்பூசத்திற்கு ஒன்பது நாள்கள் இருந்தபோது, மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் தாமான் குடியிருப்பை அடுத்துள்ள முருகன் கோயிலில் இது நடந்தது. எழுதலாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். பிழை என்னுடையது, ஆகவே எழுதவேண்டியவனும் நானே.

அதற்கு முந்தைய ஆண்டு, என் மனைவிக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய் கண்டு ஜொகூர் பாருவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். கதிர்வீச்சும் முடிந்து வீடு திரும்பிய நாளில், தாதி ஒருவர் எங்களை அமரவைத்து விளக்கினார். இடது கையில் நீர் வடியும் வழி அடைபட்டுவிட்டது. கை எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம். இனி ஆயுளுக்கும் அதில் ஊசி குத்தக்கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, இறுக்கமாக எதையும் அணியக்கூடாது என்றார்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். சொன்னதை எழுதிவைத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பது என் வழக்கம். கிளினிக்கில் எந்தத் தாதி அழுத்தமானியை எடுத்தாலும் நான் எழுந்து குறுக்கே நின்றுவிடுவேன். என் மனைவி சிரித்துக்கொண்டே, "இவரு கோயிலுக்குச் செயலாளர், என் கைக்கு ஜாகா" என்பாள். ஜாகா என்றால் காவலாளி. அந்தப் பட்டம் எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டியிருந்தாள். விரதம் தொடங்கும் அன்று காப்புக் கட்டினார்கள். தன் முறை வந்தபோது அவள் வலது கையை நீட்டினாள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு என் முகத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற அனைவரும் பார்த்தார்கள்.

"இந்தக் கையிலயே கட்டிக்கிறேனே" என்றாள், மெல்லிய குரலில்.

"பொம்பளைங்களுக்கு இடது கைதான். நாமே முறைய மாத்துனா மத்தவங்க என்ன சொல்வாங்க?" என்றேன்.

அந்த நேரத்தில் தாதியின் சொற்கள் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. மருத்துவமனை வேறு, கோயில் வேறு என்று என் மனம் பிரித்து வைத்திருந்தது போலும். அவள் இடது கையை நீட்டினாள்.

நான்காம் நாளிலிருந்து அவள் முழுக்கைச் சட்டை அணியத் தொடங்கினாள். கை வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல" என்றாள். அத்துடன் விட்டுவிட்டேன். ஆறாம் நாள் கஞ்சி வடிக்கும்போது பானை அவள் கையிலிருந்து நழுவியது. ஓடிச்சென்று சட்டைக் கையை மேலேற்றிப் பார்த்தேன். மணிக்கட்டு பருத்துக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கயிற்றில் கோத்த மஞ்சள் துண்டு மட்டுமே வெளியே தெரிந்தது.

"வெட்டிடலாமாங்க?" என்று கேட்டாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தேன். "இன்னும் நாலு நாள்தானே, பொறுத்துக்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க இயலாது.

மறுநாள் மாலை அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிவப்பு முழங்கைவரை ஏறியிருந்தது. மருத்துவமனையில் இளம் தமிழ் டாக்டர் ஒருவர் கயிற்றை வெட்டி எடுத்தபோது, அடியில் தோல் அறுந்து புண்ணாகியிருந்தது. அந்த வழியாகத்தான் கிருமி புகுந்திருக்கிறது என்றார்.

"பிரஷர் பார்க்கக்கூட நீங்க விட மாட்டீங்கன்னு தாதி சொல்றாங்க அங்கிள். இத மட்டும் எப்படிக் கட்ட விட்டீங்க?"

பற்கள் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்: "நான்தான் கட்டிக்கிட்டேன் டாக்டர்."

பதினொரு நாள்கள் வலது கையில் மருந்து ஏற்றினார்கள். தைப்பூசம் அதற்குள் கடந்துபோயிற்று. திருநீற்றோடு பார்க்க வந்த பூசாரி என்னைத் தனியே அழைத்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வலது கையிலயே கட்டியிருப்பேங்கய்யா. உங்க வாயத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்" என்றார்.

காய்ச்சல் தணிந்தது; வீக்கம் தணியவில்லை. குறைக்கலாம், பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம் என்றார் டாக்டர். இப்போது அவளால் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. இரவிக்கைகளின் இடது கையை எல்லாம் பிரித்துத் துணி சேர்த்துத் தைத்தாயிற்று. செயலாளர் பொறுப்பை நான் துறந்துவிட்டேன். அதனால் அந்தக் கை வற்றிவிடவில்லை. ஜாகா என்ற சொல்லையும் அவள் அதன்பின் ஒருநாளும் சொன்னதில்லை.

வீக்கம் குறைய அவள் கைக்குக் கட்டுத்துணி சுற்றும் முறையை மருத்துவமனையில் எனக்குக் கற்றுத்தந்தார்கள். நாள்தோறும் காலையில் விரலிலிருந்து தொடங்கி அக்குள்வரை நான்தான் சுற்றுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் "இறுக்குதா?" என்று கேட்கிறேன். "இல்ல" என்கிறாள். என்றாலும் அவள் விரல் நுனிகளின் நிறத்தைப் பார்த்து, துணிக்கடியில் என் விரலை நுழைத்துப் பார்த்த பிறகே அடுத்த சுற்றுக்குப் போகிறேன். ஏனெனில் இத்தனை ஆண்டுகளாக அவள் சொல்லிவந்த "இல்ல" என்பது தன் வலியைப் பார்த்துச் சொன்னதன்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது என்பதை, அந்தக் கையை விலையாகக் கொடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.