சில காலைகளில் மட்டும் வந்த சத்தம்

எங்கள் பிக்கப்புக்கு ஒரு சத்தம் இருந்தது. ஓடும்போது வராது. ஏற்றத்தில் வராது, பாரம் ஏற்றினாலும் வராது. காலையில் அப்பா முதல் தடவை சாவியைத் திருப்பும்போது மட்டும், அதுவும் சில காலைகளில் மட்டும், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டு யாரோ குலுக்குவது போலக் கடகடவென்று கேட்கும். நான் ஒரு காலுக்குச் சப்பாத்துப் போட்டு முடிப்பதற்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகு அன்று முழுக்க அது நல்ல பிள்ளை.

அப்போது நாங்கள் கலஹா போகிற ரோட்டில், ரோட்டுக்குக் கீழே அமைந்த ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். மேலிருந்து வாசல்வரை மண்பாதை ஒன்று சரிந்து இறங்கும். பிக்கப் நிற்பது அந்தச் சரிவில்தான். தோட்டத்து ஆட்கள் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் போடுகிற கரட்டையும் லீக்ஸையும் போஞ்சியையும் அப்பா வாங்கிக் கண்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது வலி எடுத்தால், லீக்ஸ் வாசம் போகாத அதே பிக்கப்பில்தான் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, மாமா கட்டார் கதையைக் கொண்டுவரும்வரை.

மாமா அம்மாவின் அண்ணன். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவருக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் கட்டாருக்கு டிரைவர்மார் எடுக்கிறாராம். பிக்கப்பை விற்றால் ஏஜென்சிக்கும் டிக்கெட்டுக்கும் சரியாகிவிடும், அப்பா போனால் நாலைந்து வருஷத்தில் கல்வீடு கட்டலாம் என்று மாமா கணக்குச் சொன்னார். அம்மாவின் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் அவர். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "செய்வோம் மச்சான்" என்றார். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் உண்மையாகவே சந்தோஷப்பட்ட ஆள் நான்தான். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா வெளிநாட்டிலிருந்து அவளுக்கு ஒரு சோடிச் சப்பாத்து அனுப்பியிருந்தார். நடந்தால் குதியில் சிவப்பு லைட் எரியும். மழை நாளில் வகுப்பறை இருட்டாக இருக்கும்போது அவள் வேண்டுமென்றே இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போவாள்.

விற்கிற வண்டியில் சத்தம் இருக்கலாமா? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் மாமாவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பொனட்டைத் திறப்பார். நீளமான ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, டாக்டரைப் போலக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் வருவதற்குள் எஞ்சின் சூடாகிச் சத்தம் அடங்கியிருக்கும் என்பது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. முதல் தடவை "பெல்ட்டு" என்றார். பெல்ட்டை மாற்றினோம். இரண்டாம் தடவை எலி கூடு கட்டியிருக்கிறது என்றார். தேடியபோது ஒரு பழைய துணிதான் அகப்பட்டது. "இருந்திருக்கு, இப்பத்தான் வேற எடம் போயிருக்கு" என்று துணியை எல்லோருக்கும் காட்டினார்.

பிறகு அப்பா பேராதனைப் பக்கம் ஒரு கராஜில் வண்டியை விட்டார். அங்கே பாஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற மெக்கானிக் ஒரு சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். இரவு முழுக்க வண்டியை அங்கேயே வைத்திருந்து, விடியக்காலையில் அவரே சாவியைத் திருப்பிப் பார்த்தார். சத்தமே இல்லை. அடுத்த நாளும் இல்லை. "இது ஒங்க வீட்டுக்குப் பயந்துதான் கத்துது போல" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே மறுபடியும் கடகடத்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை. குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா, அப்பா சாவியை எடுக்கும்போது, "இன்னைக்குக் கத்தும் பாருங்க" என்றாள். கத்தியது. அடுத்த நாள், "இன்னைக்குக் கத்தாது" என்றாள். கத்தவில்லை. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குசினிக்கே வந்துவிட்டார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா மாவுக் கையால் ஜன்னலைக் காட்டினாள். "மூஞ்சி என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிற அன்னைக்கெல்லாம் கத்துது. முதுகக் காட்டிக்கிட்டு நின்னா பேசாம இருக்கு."

அப்பா ஜன்னல் வழியாக வண்டியை எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு அரிசி, மா என்று சாமான் கொண்டுவரும் நாளில் இறக்குவதற்கு வசதியாக வண்டியைப் பின்பக்கமாக விடுவார். அப்போது அதன் முகம் மேலே, ரோட்டைப் பார்த்திருக்கும். வெறும் வண்டியாக வரும் நாளில் நேரே இறங்கி வந்து நிறுத்துவார். முகம் கீழே, குசினியைப் பார்த்திருக்கும்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கராஜில் நிறுத்தி அப்பா இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் கராஜ் தரை சமமா இருக்கே, எப்பிடிக் கத்தும்? மூஞ்சி கீழ இருந்தா ராத்திரியில ஒயில் எல்லாம் வடிஞ்சு இறங்கிரும். காலையில அது திரும்ப மேல ஏறுற வரைக்கும் இரும்பும் இரும்பும் தட்டிக்கிது. ஒயில் பில்டர் உள்ளுக்கு இருக்கிற வால்வு மூடாம போயிருக்கு. புதுசு ஒண்ணு போட்டாச் சரி. அது வரைக்கும் மூஞ்சிய மேல வச்சே நிப்பாட்டுங்க."

பில்டர் பெரிய விலையுள்ள சாமான் அல்ல, கண்டியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றும் சொன்னார். அப்பா, "வாங்குவோம்" என்றார். வாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் வண்டியைப் பின்பக்கமாகவே இறக்கினார். சத்தம் அடியோடு நின்றது. மாமா வந்து, தான் மாற்றச் சொன்ன பெல்ட்டுதான் வேலை செய்கிறது என்றார். அப்பாவும் அம்மாவும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியைப் பார்க்க அக்குறணையிலிருந்து ஒரு ஆள் வருவதாக மாமா ஏற்பாடு செய்தார். வயதான முஸ்லிம் வியாபாரி, அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், வண்டி விஷயம் தெரிந்தவர். எஞ்சின் சூடாவதற்கு முன்னால் தானே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், அதனால் விடியவே வருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். வழக்கத்துக்கு மாறாக நேரே இறங்கி, குசினியைப் பார்க்க வண்டியை நிறுத்தினார். பின்தட்டு மேட்டுப் பக்கம் போய்விட்டதால் மூட்டையும் அங்கே மாட்டிக்கொண்டது. அதைத் தோளில் சுமந்து வண்டியைச் சுற்றி இறங்கி வந்தார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா வெளியே போய் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக அதை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

காலையில் பனி விலகுவதற்குள் மாமாவும் அந்த வியாபாரியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் பல் விளக்கிவிட்டுக் குசினிக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். பிக்கப்பின் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மறந்துவிட்டார்!

"அம்மா! அப்பா மறந்துட்டு வண்டிய இந்தப் பக்கம்..." என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். அம்மா ஒரே எட்டில் என்னைப் பிடித்து, கையிலிருந்த ரொட்டித் துண்டை, காய்ந்த மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு சேர்த்து என் வாயில் திணித்தாள். "சாப்புடு மொதல்ல." அவ்வளவு உறைப்பை நான் அதற்கு முன்னால் தின்றதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதற்குள் வெளியே சாவி திரும்பியது.

கடகடகடகட. சரிவு முழுக்கக் கேட்டது.

"இது என்ன தம்பி சத்தம் ஒண்டு வருது?" என்றார் வியாபாரி.

"குளிர் நானா, குளிருக்குத்தான்" என்றார் மாமா அவசரமாக.

"எனக்கும் குளிருதுதான். நான் இப்பிடிச் சத்தம் போடல்லயே." பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்ன இது?"

அப்பா பொனட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அது அப்பிடித்தான் நானா. சில நாளைக்கு வரும். சில நாளைக்கு வராது."

வியாபாரி தலையாட்டிக்கொண்டு திரும்பியபோது என்னைக் கண்டார். அம்மாவின் பிடியில், வாய் நிறைய ரொட்டியோடு, கண்ணும் மூக்கும் ஒழுக நின்றேன். அவர் முகம் இளகிவிட்டது. "புள்ளயும் அழுவுது. வண்டி மேல அவ்வளவு விருப்பம் போல. வேணாம் தம்பி, நான் வேற ஒண்டு பாக்கிறன்." போகிற வழியில் என் தலையைத் தடவிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மாமா வெகுநேரம் சத்தம் போட்டார். ஏஜென்சிக்காரர் காத்திருக்க மாட்டார், இந்த மாதத்துக்குள் வேறு ஆளைப் பிடிப்பது எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே பஸ்ஸுக்கு நடந்தார். கடைசியில் அந்த இடத்துக்குக் கண்டியிலிருந்து வேறு யாரோ போனார்கள். அது முடிவான பிறகு அப்பா ஒரு நாள் புதுப் பில்டரோடு வந்தார். அதற்குப் பிறகு வண்டி எப்படி நின்றாலும் கத்தவில்லை. எனக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்து, அப்பா அன்று வண்டியை நேரே இறக்கி நிறுத்தியதைப் பற்றி அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். "வண்டிய நிப்பாட்டுனது அவரு. எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதோரம் சிவந்திருந்தது. அப்பாவிடம் அவளும், அவளிடம் அப்பாவும் கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வியாபாரி வந்துபோன அன்று மத்தியானம் நான் பிக்கப்பின் பின்தட்டில் ஏறி, லீக்ஸ் சருகுகளுக்கு நடுவே குப்புறப் படுத்து விசும்பிக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீரோடு வண்டி கழுவ வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"ஏன் பாப்பா அழுவுற? வண்டியத்தான் விக்கலியே."

"அதுக்குத்தான் அழுவுறேன்" என்றேன்.

"அப்ப, அப்பா போகலன்னா அழுவுற?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். "இங்க வந்து கேளு, ஒன் மக நான் போகலன்னு அழுவுறா!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தன. அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு வந்த கோபத்தில், விளக்கு வைக்கும் நேரம்வரை நான் அவர்களோடு பேசவே இல்லை.