பரீட்சைக்கு வந்த கோவளத்து அக்கா

2006 இருக்கும். தாம்பரத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு கல்லூரியில், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ படிப்பில் கடைசி வருடம் இருந்தேன். பிளஸ் டூ முடித்தபோது வயிற்று ஸ்கேன் எடுக்கத்தான் ஆசைப்பட்டேன். விசாரித்ததில், நம் நாட்டில் அதை டாக்டர்கள்தான் செய்ய வேண்டும், எக்கோ என்றால் டெக்னீஷியனும் செய்யலாம் என்றார்கள். பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அத்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷின் வேலைதானே என்று சேர்த்துவிட்டார்.

முதல் வருடம் உடற்கூறு. அடுத்த வருடம் இ.சி.ஜி., டிரெட்மில். ஸ்கேன் செய்யும் ப்ரோப் கைக்கு வந்ததே மூன்றாம் வருடம்தான். ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து, சரியாகச் சாய்த்தால் இதயம் தெரியும். கொஞ்சம் தவறினால் வெறும் சாம்பல் புகை. மாணவிகள் ஒருவரை ஒருவர் படுக்கவைத்துப் பழகினோம். ஆனால் எங்கள் எல்லோருக்கும் இதயம் நன்றாகவே இருந்தது. நோயைக் கற்றுக்கொள்ள நோயாளிதான் வேண்டும்.

அப்படி வந்தவர்தான் அந்த அக்கா. கோவளத்தில் மீன் விற்பவர். சிறு வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாதாமாதம் ஊசி போட வருவார். எங்கள் மேடம் கேட்டுக்கொண்டதால், ஊசி போட்டபின் எங்களுக்காகவும் கொஞ்ச நேரம் படுப்பார். படம் கிடைக்காமல் நான் விலாவில் அழுத்திக்கொண்டே இருப்பேன். வலிக்கிறதா என்று கேட்டால், கூடை தூக்குகிற உடம்புக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று சிரிப்பார்.

செய்முறைத் தேர்வுக்கும் அவரைத்தான் அழைத்திருந்தார்கள். கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து தாம்பரம் பஸ் பிடித்து, காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே இரண்டு பேர் அவரை ஸ்கேன் செய்து முடித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் பின்னால் நின்றார். அன்றைக்கு எனக்குப் படம் அருமையாகக் கிடைத்தது. அளவுகள் ஒவ்வொன்றாக எடுத்தேன். வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்ற கடைசிக் கணக்குதான் பாக்கி. அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

அப்போது திரையில் துடிப்பு வேகமாவதைக் கவனித்தேன். பரீட்சை நேரம், அவருக்கும் பதற்றமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், அக்காவின் விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, மூச்சு வாங்குதா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ பாரு."

அந்த நாலு வார்த்தையைக்கூட அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் கணக்கை முடித்திருப்பேன். முடிக்கத்தான் கை போனது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் முடியவில்லை. ப்ரோபை எடுத்துவிட்டு, தோளைப் பிடித்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஏன் நிறுத்தினாய் என்று தேர்வாளர் கேட்டார். அவங்களால படுக்க முடியல சார் என்றேன். டாக்டரைக் கூப்பிட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். என் பரீட்சை அதோடு முடிந்தது.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். தெளிவாக உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேனோ என்னவோ, என்னைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் பொறுத்துக்கினு இருந்தேன் இல்ல, நீ ஏன் நிறுத்துன? உனுக்கு மார்க் போச்சே. இதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் தீரக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம்தான், வரும்போது பஸ்ஸிலேயே மூச்சு வாங்கியதாகவும், சொன்னால் பரீட்சையை நிறுத்திவிடுவார்களோ என்று சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னார்.

அந்தச் செய்முறைத் தேர்வில் ஏதோ தேறினேன், அவ்வளவுதான். அக்காவைச் சென்னைக்கு அனுப்பி, பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். சில மாதங்களில் மறுபடி கூடை தூக்க ஆரம்பித்துவிட்டார் என்று மேடம் சொன்னார். நான் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டதால் அவரைப் பிறகு பார்க்கவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு எக்கோ எடுத்துவிட்டேன். எனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவர் என் மதிப்பெண்ணுக்காகத் தன் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்ததை நினைத்தால், வெளியே எவ்வளவு கூட்டம் காத்திருந்தாலும் படுத்திருப்பவரிடம் அவசரம் காட்ட இன்றைக்கும் மனசு வருவதில்லை.