கால் சிஸ்டர்

வலது கையின் இரண்டு விரல் நோயாளியின் பாதத்தின் மேல். இடது கையின் இரண்டு விரல் தன் கழுத்தில். அப்படி நிற்கும்போது அவரை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியர். வார்டு வைத்த பெயர் 'கால் சிஸ்டர்'. நோயாளியின் முகத்தைப் பார்க்குமுன் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிடுவார். வீட்டிலும் இதே கூத்துதான். மதியம் கண்ணயர்ந்த கணவரின் பாதத்தில் விரல் பட்டால், "உயிரோடதான் இருக்கேன், போய் வேலையப் பாரு" என்று அந்த மனிதர் புரண்டு படுப்பார்.

"நான் சேர்ந்தப்போ ரத்தக்குழாய் அறுந்து வந்தா, கட்டித்தான் விடுவாங்க. உயிர் தங்கும், கால் கறுத்துப் போயிடும். அப்புறம் எடுக்க வேண்டியதுதான்" என்பார். "இப்ப நல்ல கால்ல இருந்து ஒரு குழாயை எடுத்து, அடிபட்ட கால்ல வெச்சுத் தைக்கிறாங்க. அதையும் தலைகீழாத்தான் வெக்கணும். உள்ளே குட்டிக் குட்டிக் கதவு இருக்கு, ஒரு பக்கம்தான் திறக்கும்." ஏதோ அந்தக் கதவுகளைத் தானே மாட்டிவிட்டு வந்தவர் மாதிரி ஒரு பெருமை.

கழுத்தில் கை வைக்கக் காரணம் உண்டு. இந்தக் குழாய்த் தையல் வந்த புதிதில் ஒரு தபால்காரரின் காலை மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்து, 'துடிப்பு உண்டு' என்று எழுதிவந்தார். அழுத்திப் பிடித்த விரலில் துடித்தது அவருடைய சொந்த ரத்தம். பெரிய டாக்டர் வந்து பார்த்தபோது கால் கறுத்து, எல்லாம் கைமீறிப் போயிருந்தது. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இதை ஒளிக்காமல் சொல்வார். அன்றிலிருந்துதான் கழுத்திலும் ஒரு கை: இரண்டும் சேர்ந்தே துடித்தால், பாதத்தில் தெரிவது தன் துடிப்பு.

சென்ற வாரம் கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவர் வந்தார். சரிந்த கண்ணாடி முழங்காலின் பின்புறத்தை அறுத்திருந்தது. காலையில் தைத்தார்கள். மதியம் பணி மருத்துவர் பாதத்தைத் தொட்டு, "துடிப்பு இருக்கு, சிஸ்டர்" என்றார். கால் சிஸ்டர் தன் முறைப்படி பார்த்தார். பாதத்தில் ஒன்றுமில்லை. கால்விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அது உங்க துடிப்பு, டாக்டர்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கழுத்துல ஒரு கை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே துடிப்பு. உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். மறுபடி திறந்து, தைத்த இடத்தை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அதுவரை தொழிலாளியின் மனைவி வாசல் பெஞ்சிலேயே இருந்தாள். வேலை நேரம் முடிந்தும் கால் சிஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை.

மாலையில் தொழிலாளியின் கட்டிலருகே வழக்கம்போல நின்றார். வெகுநேரம் நின்றார். கழுத்தில் ஒரு வேகம், பாதத்தில் வேறொரு வேகம்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கால் தப்பிச்சுதா, அக்கா?"

அவர் அவளுடைய விரலைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்தார். பதற்றத்தில் அவள் அழுத்தினாள். கால் சிஸ்டர் அந்த விரலை மெல்லத் தூக்கி, தோலைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டார்.