ஏட்டம்மா குளிக்கப் போன கதை

1. லேடீஸ் பாயிண்ட்

குற்றாலத்தில் எனக்கு முதல் சீசன் டியூட்டி போட்ட அன்று, ரோல் காலில் இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "பேரருவியில லேடீஸ் பாயிண்ட் ஒனக்கும்மா. விசிலை நம்பி நிக்காத. தண்ணிக்குள்ள நிக்கவங்களுக்கு அது கேக்காது. தோளத் தொட்டுத்தான் வெளிய அனுப்பணும்."

உண்மைதான். கன்னம் வலிக்க நான் ஊதியதை உள்ளே நின்ற ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. வரிசையில் நின்றவர்களோ, உள்ளே போனவர்களை வெளியே கூப்பிடச் சொல்லி என்னைப் பிய்த்து எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் பழகிவிட்டேன். தோளைத் தொட்டால் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு ஒரு நொடி தெரியாது. கண்ணைத் திறக்க முடியாமல் சிரிப்பாள். மாமியாரைக் கண்டு நடுங்குகிற மருமகளும், ஊரையே நடுங்க வைக்கிற மாமியாரும் அங்கே ஒரே மாதிரிதான் சிரித்தார்கள். எனக்கு அந்த டியூட்டி பிடித்துப்போனது. கான்ஸ்டபிளாக இருந்தபோதும், ஏட்டு ஆன பிறகும், சீசன் வந்தால் அந்த பாயிண்டைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஆனால் நான் குளித்ததில்லை. யூனிஃபார்மும் ஷூவும் நாள் முழுக்கச் சாரலில் ஊறும், கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும், தலையில் மட்டும் அருவி விழாது. டியூட்டி முடிந்தால் தென்காசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேரத்தான் தெம்பு இருக்கும். சீசனில் லீவு என்ற பேச்சே கிடையாது. லீவு கிடைக்கிற மாதத்தில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

2. அக்கா

என் அக்கா பேச்சியம்மாள் கீழப்பாவூரில் வாழ்க்கைப்பட்டவள். வருடம் தவறாமல் சாரலுக்கு வருவாள், என் பாயிண்டில்தான் வரிசையில் நிற்பாள். மற்றவர்களுக்கு உள்ள நேரம்தான் அவளுக்கும். தோளைத் தொட்டால் தண்ணீருக்குள் இருந்தே திட்டுவாள். வெளியே வந்து முந்தானையைப் பிழிந்துகொண்டே, பக்கத்தில் நிற்பவர்களிடம், "கூடப் பொறந்தவ. என்னையே வெரட்டுதா பாருங்க" என்று என்னைக் காட்டிப் பெருமையாகக் குறை சொல்வாள். கிளம்பும்போது ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"ஒருநா நீயும் வாட்டி. ரெண்டு பேருமா சேந்து நிப்போம்."

ரிட்டையர் ஆகட்டும் அக்கா என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்லிவைத்தேன்.

அத்தான் இறந்தார். அக்காவுக்கு மூட்டுவலி வந்தது. நான் டியூட்டி பார்த்த கடைசி சீசனில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பெங்களூரில் இருக்கிற அவள் மகன் அவளை அடுத்த வருடம் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதைக் கேட்ட வாரத்தில்தான் நான் விருப்ப ஓய்வுக்கு, வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தேன். சர்வீஸ் இன்னும் இருந்தது. ஸ்டேஷனில் காரணம் கேட்டவர்களிடம் உடம்புக்கு முடியவில்லை என்றேன். அக்காவோடு அருவியில் குளிக்கப் போகிறேன் என்றால் சிரித்திருப்பார்கள்.

ஆர்டர் வந்த கையோடு ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சீசனுக்கு மட்டும் வந்தால் போதும், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார்கள். சீசனுக்காகத்தானே இருந்த வேலையையே விட்டேன்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

3. தடை

நான் காத்திருந்த அந்த வருடம் பார்த்துச் சாரல் தள்ளிப்போனது. அருவியில் தண்ணீர் நூலாக ஒழுகியதோடு சரி. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று அக்காவும் நானும் போனில் வானத்தைப் பற்றியே பேசினோம். மகன் டிக்கெட் போட்டுவிட்டான். அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முந்தி ராத்திரி மலையில் கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. குறுக்கே கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த பெண்தான் டியூட்டியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். "ஏட்டம்மா, கூட்டமே இல்ல. ஓரமா ஒரு நிமிசம் ரெண்டு பேரும் தலையக் காட்டிட்டு வந்திருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

என் கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் கல் வரும், மரக்கட்டை வரும். அதைச் சொல்லித்தான் அதே இடத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்காவின் முழங்காலைப் பார்த்தேன். வேண்டாம்மா என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி மடியில் பிரித்து வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுக்காகத்தான் வேலையையே விட்டேன் என்று அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் சிப்ஸை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"தண்ணியில விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? உள்ள போயி நின்னதும் அந்தப் புள்ள தோளத் தொட்டு வெரட்டியிருப்பா. நான் தலையத் தொவட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன். நீ போலீசுக்குப் போனதுல இருந்து எங்கூட இம்புட்டு நேரம் உக்காந்ததே இல்லட்டி."

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். அவள் பேசப் பேச நான் கேட்டேன். மறுநாள் ரயிலேற்றிவிட்டேன். அதற்கடுத்த நாள் தடையை எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் போன் செய்து சொன்னாள். நான் போகவில்லை.

பணியில் இருக்கிற தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வி.ஆர்.எஸ். எழுதும்போது நமக்கு எவ்வளவு சர்வீஸ் பாக்கி என்று மட்டும்தான் பார்க்கிறோம். யாருக்காக வேலையை விடுகிறோமோ, அவர்கள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள் என்றும் பாருங்கள்.

எனக்கு இப்போது நாள் முழுக்க நேரம் இருக்கிறது, பேச அக்கா இல்லை. அடுத்த சீசனுக்கு அவளைக் கூட்டிவர நானே பெங்களூர் போகிறேன். அருவியில் விட்டாலும் சரி, கயிறு கட்டியிருந்தாலும் சரி.