அம்மாவின் மரங்கள், தவுக்கேயின் தேங்காய்

தேங்காய் விலை ஏறியதிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பணக்காரி என்று பெயர். ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலை செய்பவள் தட்டோரத்துச் சட்னியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கென்ன லா, காப்பார்ல தோப்பே இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தோப்பில் ஒரு காய்கூட எங்களுடையதில்லை. அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

காப்பாரில் அப்பா விட்டுப்போனது இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. அம்மா அங்கேயே தனியாக இருக்கிறாள். மரங்கள் உயர்ந்துவிட்டன, ஏறுவதற்கு ஆள் கிடையாது. நீளத் துறட்டி வைத்துப் பறிப்பவர்கள் மரத்துக்கு இவ்வளவு என்று கறாராகக் கேட்பார்கள். லோரியில் வந்து வாங்குபவனோ, சிறிய காய் என்றால் இரண்டை ஒன்றாகத்தான் எண்ணுவான். எது சிறியது என்பதையும் அவனே சொல்வான். உரச் செலவும் போனால் அம்மா கையில் நிற்பது ஒன்றுமில்லை. அதனால்தான், கிள்ளானிலிருந்து ஒரு தவுக்கே, தேங்காய் வியாபாரம் பார்க்கும் முதலாளி, வந்து மூன்று வருடக் காய்களையும் குத்தகைக்குக் கேட்டபோது, அண்ணன் அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தார். மொத்தப் பணமும் முதலிலேயே வந்துவிட்டது. அடுத்த வருடமே விலை ஏறியது. ஏறியதெல்லாம் தவுக்கேக்கு. உரம் போடுவது மட்டும் அம்மா பொறுப்பு, ஏனென்றால் மரம் எங்களுடையதாம்.

போன வருடம் நான் போயிருந்தபோது சமையலறைக்குப் பின்னால் ஒரு காய் விழுந்தது. அம்மா அதை எடுத்து உரிக்கப் போனாள். பறிக்க வந்திருந்தவர்களின் மேஸ்திரி நேராக வந்து கையை நீட்டினான்.

"ஆன்டி, அது எங்க கணக்கு."

அம்மா கொடுத்துவிட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"தானா விழுந்ததுக்குமா கணக்கு?" என்று கத்தினேன்.

"எனக்கென்னக்கா தெரியும்? தவுக்கே சொல்றாரு, நான் செய்றேன்."

அன்றைக்குக் குழம்புக்கு அம்மா முச்சந்திக் கடையில் தேங்காய் வாங்கி வந்தாள். இந்தோனேசியாவிலிருந்து வந்த காய்.

இந்த மாதத்தோடு அந்தக் குத்தகை முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குத் தவுக்கே கேட்கிறார் என்று தெரிந்ததும், எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மேசைமேல் பேப்பர் தயாராக இருந்தது. அண்ணனும் மேஸ்திரியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போடாதம்மா. இப்பதான் விலை இருக்கு, நாமளே விப்போம்" என்றேன்.

"யாரு பறிக்கிறது, நீயா?" என்றார் அண்ணன். "ஆள் எங்க? லோரி எங்க?"

வருவதற்கு முன்பே நான் நாலு பேரிடம் விசாரித்திருந்தேன். அந்த வட்டாரத்தில் துறட்டி பிடிக்கிற அத்தனை பேரும் அதே தவுக்கேயின் ஆட்கள். அவர் தலையசைக்காமல் ஒருவனும் எங்கள் தோப்புக்குள் கால் வைக்க மாட்டான். அண்ணன் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் மிச்சமில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கூரைய மாத்த இது பத்துமா?"

காய்ந்த மட்டைகள் விழுந்து விழுந்து கூரைத் தகரம் ஓட்டையாகிக் கிடக்கிறது. காய் அவருக்கு, மட்டை எங்களுக்கு.

"பத்தும்மா" என்றார் அண்ணன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

மேஸ்திரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லோரிக்குப் போனான். அன்று காலையில்தான் எங்கள் மரங்களில் பறித்து ஏற்றியிருந்தார்கள். அதிலிருந்து இரண்டு காய்களைப் பொறுக்கி எடுத்து வந்தான்.

"வச்சுக்குங்க ஆன்டி, காசு வேணாம். தவுக்கே குடுக்கச் சொன்னாரு."

அம்மா ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்பா" என்றாள். "தவுக்கேகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."