லூர்துவும் உயர்த்தப்பட்ட அந்த வண்டியும்

ஐ.டி. கம்பெனி வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு, சீட்டில் சிந்தியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது டிராவல்ஸ் ஆபீசிலிருந்து போன் வந்தது. "உங்க லூர்து, ஹாசன் ரோட்டுல வண்டி கவுந்து போயிட்டாராம்பா. சாயங்கால ட்ரிப்புக்கு நீ வருவியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?" இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. பேசியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு டிரைவரின் சாவுக்கு எங்கள் தொழிலில் அவ்வளவு நேரம்தான் ஒதுக்குவார்கள்.

லூர்து அண்ணனை ஆடுகோடி டீக்கடையில் பார்த்தவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். டீயில் சர்க்கரை குறைந்தாலும் சண்டை, முதலமைச்சர் மாறினாலும் சண்டை. "நீ படிச்சிருக்கே, நாலு வரி எழுதுறே, அப்புறம் என்னடா என் கூட ஸ்டியரிங் பிடிக்கிறே?" என்று என்னைச் சீண்டாத நாள் இல்லை. ஆனால் கோரமங்களாவில் அவர் வேலை பார்த்த பங்களாவின் கேட்டைத் தாண்டிவிட்டால் அந்த வாய் அடைத்துக்கொள்ளும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை. அதில் பிலோமினா அண்ணியும், பத்தாவது படிக்கும் மகள் ஜெனியும் இருந்தார்கள். வேலை இருந்தால்தான் அறை. அறை இருந்தால்தான் ஜெனிக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம்.

முதலாளி நம் தமிழர்தான். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். நல்ல தமிழ் பேசுவார், டிரைவரைக்கூட 'வாங்க லூர்து' என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் வேலை பார்ப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவருக்குக் காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டும் மோகம் வந்தது. இருந்த ஜீப்பை முன்னும் பின்னும் உயர்த்தி, பெரிய டயர்களை மாட்டினார். ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற காரின் கூரை தெரியும். சனி, ஞாயிறில் நண்பர்களோடு மலைப்பக்கம் போய்ச் சேற்றில் விளையாடிவிட்டு, திரும்பும்போது நண்பரின் காரில் ஏசி போட்டுக்கொண்டு வந்துவிடுவார். தார் ரோட்டில் அந்த வண்டி உடம்பை உலுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தனியாக ஓட்டி வருவது லூர்து அண்ணனின் வேலை.

உயர்த்திய கொஞ்ச நாளிலேயே முன்டயர் இரண்டிலும் வெளியோரம் வழவழவென்று தேய ஆரம்பித்தது. உள்பக்கத்தில் பட்டன்கள், அதாவது ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடுகள், புதிதாகவே இருந்தன. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "வளைவுல வேகமா ஒடிக்கிறீங்க லூர்து, அதான்" என்றார். வளைவில் வேகமாகத் திருப்பினாலும் வெளியோரம் தேயும் என்பது உண்மை. ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். பாதி உண்மை தெரிந்தவரோடு வாதாட முடியாது, அதுவும் அவருடைய அறையில் குடியிருந்துகொண்டு.

அண்ணன் வண்டியை வீல் அலைன்மெண்ட் பார்க்கும் பாஷா பாயிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் முன்சக்கரம் இரண்டுக்கும் சிவப்பு வந்தது. வண்டியைத் தூக்கியதில் சக்கரங்களின் தலை வெளியே சாய்ந்துவிட்டது, ஓடும்போது பாரமெல்லாம் வெளியோரத்தில் விழுகிறது என்று பாய் விளக்கினார். "நான் போல்ட்டைக் கடைசி வரைக்கும் திருகிட்டேன். அதுக்கு மேல வரலப்பா. வண்டியை இறக்கச் சொல்லு உன் சாப் கிட்ட."

"வண்டியை இறக்கச் சொன்னா என்னை இறக்கிவிட்டுருவார் பாய்."

"அப்போ புது டயராவது போடச் சொல்லு. இப்படியே சுத்தாதே."

முதலாளியிடம் சொல்லத்தான் செய்தார். "அலைன்மெண்ட் கடைக்காரன் அப்படித்தான் சொல்வான். இறக்கினா அப்புறம் இது எதுக்கு?" என்று அவர் சிரித்தாராம். அத்தோடு முடிந்தது.

பிறகு அண்ணன் செய்ததை வண்டி ஓட்டுகிற நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினார். சக்கரம் நேராக நிற்கிற வண்டியில் இது தப்பில்லை. டயர் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். சாய்ந்த சக்கரத்தில் இது நோயை மறைப்பது. பாஷா பாய் மாட்டித் தர மறுத்தார். பஞ்சர் கடையில் மாட்டிக்கொண்டார். இப்போது வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது மாதிரி இருந்தது. தேய்ந்த ஓரம் வண்டிக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத பக்கம் போய்விட்டது.

அடுத்த வாரம் டீக்கடையில் அவரே சொல்லிச் சிரித்தார். "டேய், நான் திருந்திட்டேன்டா. காலைல சாப் டயரைப் பார்த்துட்டு, 'வேகத்தைக் குறைச்சதும் எப்படி இருக்கு பாருங்க லூர்து'ன்னு தோள்ல தட்டறார். நான் என்ன சொல்ல? 'ஆமா சார்'னேன்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வேலையைக் காப்பாற்றச் செய்த தந்திரம் அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பல மாதம் கழித்து, வெளியே திருப்பி மாட்டிய ஓரமும் தேய்ந்தது. இனித் திருப்ப வேறு பக்கம் இல்லை. அண்ணன் புது டயர் கேட்டார். முதலாளி கையில் பதில் தயாராக இருந்தது. "நடுவுல நல்லாத்தானே இருந்தது? மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" திருப்பி மாட்டியதை அப்போது சொன்னால் ஏமாற்றியவன் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் வேகமாக ஓட்டுகிறவன். ஜெனியின் பரீட்சை முடியும் வரைக்கும் தள்ளிவிடலாம் என்று நினைத்தார். "மார்ச் தாண்டட்டும்டா, அப்புறம் பேசறேன்" என்றார் என்னிடம். மார்ச் வருவதற்கு முன்பே, மலையிலிருந்து அந்த வண்டியைத் தனியாக ஓட்டி வரும்போது முன்டயர் வெடித்தது. உயரமான வண்டி. உருள்வதற்குப் பெரிய பள்ளம் தேவைப்படவில்லை.

பிணவறை வாசலுக்கு முதலாளி வந்தார். அழுதார், அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு அண்ணியிடம், "ரூமைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. பரீட்சை முடியறவரைக்கும் இருங்க. போலீஸ்ல மட்டும் எதையும் குழப்பாமப் பேசுங்க" என்றார். வரும் வழியில் கவிழ்ந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்த நான், "சார், டயரைப் பார்த்தீங்களா? உள்ளே கம்பி தெரியுது" என்றேன். "நீங்க யாரு?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

சற்று நேரத்தில் எஸ்.ஐ. வந்து, உங்கள் கணவர் வழக்கமாக வேகமாக ஓட்டுவாரா என்று கேட்டார். அண்ணி முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுவரோரம் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த ஜெனியைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார். "கொஞ்சம் வேகம்தான்."

அண்ணியை யாராவது ஒரு வார்த்தை பேசினால் அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. புருஷன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்த அறையை அவர் அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டவர்களைப் பேசுங்கள். ஒரு மனிதனின் விளையாட்டுக்கு இன்னொருவன் சாகலாம், செத்தவன் மேலேயே பழியையும் போடலாம், அதற்கு அவன் பெண்டாட்டியையே சாட்சிக்கு நிறுத்தலாம். இந்த ஊரில் அதற்குப் பெயர் விபத்து.

ஏழாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெனி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "சித்தப்பா, அப்பா நிஜமாவே வேகமா ஓட்டுவாரா?"

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு அனுப்பிய நாளில் எனக்கு வண்டி கிடைக்கவில்லை. லூர்து அண்ணன்தான் முதலாளியிடம் கேட்டு அதே ஜீப்பைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒரு சக்கரத்தை இறக்கி, ஏற்றி, அப்புறம் அடுத்த சக்கரத்தை இறக்கினார். பின்னால் ஹார்ன் சத்தம் தாங்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "என்ன சாமி, தேரா இழுக்கறே?" என்று கத்தினார். ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிற மனிதர், கையை மட்டும் வெளியே நீட்டி முன்னால் போகச் சொன்னார். "அவனுக்கு அவசரம், போகட்டும். அம்மாவுக்குத் தையல் பிரியக் கூடாதுல்ல" என்றார் என்னிடம்.

லூர்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயணம்தான். எல்லோரையும் உலுக்கிய அந்த வண்டியில், வீடு வந்து சேர்வதற்குள் அம்மா தூங்கிவிட்டிருந்தார்.