நான் சேர்த்த ‘டா’

வெள்ளைக்காரர் காலத்து ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கி முடித்த பெருமிதத்தில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரையும் கூலியாள் மாரனும் அடைமழையில் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டு பேசுவதுதான் கதை. மெய்ப்புப் பார்க்கும் அம்சவேணி அன்னூரிலிருந்து சரவணம்பட்டிக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க சார், இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தானுங்க பேசிக்கறாங்க. நீங்க மாரனை ‘வாங்க’ன்னும் துரையை ‘வாடா’ன்னும் பேச உட்டிருக்கீங்க. அந்த ‘டா’ எங்கிருந்துங்க வந்துச்சு?”

“துரைன்னா அப்படித்தானேம்மா பேசுவான்?”

“இந்தத் துரை பேசலீங்களே. அதுக்காகத்தானுங்க அந்தக் கதையே.”

மூல நூலைப் புரட்டினேன். துரை மாரனிடம் பக்கத்துக்குப் பக்கம் ‘தயவுசெய்து’ என்று சொல்லியிருந்தார். ஒன்றுவிடாமல் அத்தனையையும் வெட்டியிருந்தேன். நாவலாசிரியர் சமமாக உட்காரவைத்த இருவரில் ஒருவனை எழுப்பி நிற்கவைத்தது நான்தான்.

அந்த நேரம் பார்த்துத் தேங்காய் பறிக்கிறவர் வாசலில் வந்து நின்றார். அவருக்கு என் அப்பா வயது.

“இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அம்சவேணி மெய்ப்புத் தாளில் அடுத்த ‘டா’வைச் சுழித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையையே ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறோம்.